வரையறு: சேதாரம் (2 மதிப்பெண்)

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் தினமும் ஒரு பொருள் விற்பனையாகிறது. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வாங்கியவர் அதைக் கழுத்தில் போட முடியாது, பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது, அவசரத்துக்கு அடகு வைக்கவும் முடியாது. ஆனால் அதற்கு எடை உண்டு. அன்றைய தங்க ரேட்டில் விலை உண்டு. அந்த விலைக்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. பெயர் சேதாரம். அது என்ன என்று கேட்டால் மட்டும் ஒருவரிடமும் பதில் கிடையாது.

நம் பள்ளிக்கூடங்களில் 'வரையறு' என்று ஆரம்பிக்கும் இரண்டு மதிப்பெண் கேள்வியைப் பார்க்காமல் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. நியூட்டனின் முதல் விதியில் 'புறவிசை' என்ற சொல்லை விட்டுவிட்டால் டீச்சரின் சிவப்பு மை பாயும். 'ஓரலகு நேரத்தில்' என்பதை மறந்தால் அரை மார்க் போகும். அந்த அரை மார்க்குக்காக அப்பா பையனைத் திட்டுவார். அதே அப்பா மகளின் கல்யாணத்துக்கு நகை எடுக்க மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, பில்லில் 'சேதாரம் 18%' என்று இருப்பதைப் பார்ப்பார். அரை மார்க்குக்குப் பொங்கியவர், முக்கால் லட்சம் ரூபாய்க்கு வாய் திறக்கமாட்டார். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார். அவ்வளவுதான் நம் அறிவியல் கல்வியின் விளைச்சல்.

தங்கை மகளுக்கு ஒரு செயின் எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை. அந்தச் சாலையில் எந்தப் படியேறினாலும் ஏறக்குறைய இதே வசனம்தான். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். செயினைத் தராசுத் தட்டில் வைத்து, காற்றுப் பட்டால் எடை ஆடும் என்று கண்ணாடிக் கதவை மூடி, எண்கள் நிற்கும்வரை கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். 40.000 கிராம். மூன்று தசமம். ஒரு மில்லிகிராம்கூடத் தப்ப விடாத அந்த நேர்த்தியைப் பார்த்து எனக்கே மரியாதை வந்தது. அடுத்த நிமிடம் கால்குலேட்டரைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பினார்.

"சேதாரம் பதினெட்டு பர்சன்ட் வருது மேடம்."

"சேதாரம்னா என்னம்மா?" என்றேன் நான்.

"வேஸ்டேஜ் சார்."

"வேஸ்டேஜ்னா?"

"சேதாரம் சார்."

அறிவியல் எழுத்தில் இதற்குச் சுற்று வரையறை என்று பெயர். ஒன்றை இன்னொன்றால் சொல்லி, அந்த இன்னொன்றை முதலாவதால் சொல்வது. ஆய்வேட்டில் ஒரு மாணவன் இப்படி எழுதினால் வழிகாட்டி அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே கூல் டிரிங்க்ஸ் கொடுத்து உட்காரவைக்கிறார்கள்.

"செய்யும்போது கொஞ்சம் தங்கம் போயிடும் சார்" என்று அந்தப் பெண்ணே பாவம் அடுத்த படிக்கு ஏறினார். எங்கே போகும் என்றேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வந்தார். "சாருக்கு என்ன டவுட்?" என்றார். சந்தேகத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணிடம், "பதினாறு போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கவுன்ட்டருக்குப் போய்விட்டார்.

இதை நின்று யோசிக்க வேண்டும். நகை எப்போதோ செய்து முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. செய்யும்போது போன தங்கம் போனதுதான். அதன் எடை, அவர்கள் கணக்குப்படியே, 7.2 கிராம். மேனேஜர் வாய் திறந்ததும் அது 6.4 கிராம் ஆகிவிட்டது. என்றோ ஒரு பட்டறையில் நடந்து முடிந்த இழப்பில் 0.8 கிராம், தியாகராய நகரில் ஒருவர் தலையசைத்ததும் காலத்தில் பின்னோக்கிப் போய் மீண்டுவிட்டது. ஆடி மாதம் வந்தால் 'சேதாரத்தில் 50% தள்ளுபடி' என்று பேனர் கட்டுகிறார்கள். பட்டறைத் தரையில் விழுந்த தங்கப் பொடிக்கு ஆடி பிறந்தது எப்படித் தெரிந்தது? பேரம் பேசினால் குறைகிற இயற்பியல் அளவு உலகத்தில் வேறெங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோபல் குழுவுக்கு உஸ்மான் சாலையின் விலாசம் தெரியாதது நம் துரதிர்ஷ்டம்.

என் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதையே இந்த மாநிலம் 2021இல் சட்டத் திருத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சேதாரம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள், ஏனென்றால் சொல்லிக்கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

தொகையைப் பார்ப்போம். கணக்குக்குச் சுலபமாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பவுன், அதாவது 40 கிராம் செயின். தங்கத்தின் விலை 4 லட்சம். சேதாரம் 18 சதவீதம் என்றால் 72,000. அந்த 72,000க்கும் சேர்த்து 3 சதவீதம் ஜிஎஸ்டி, அதில் 2,160. வாங்கியவரிடம் இல்லாத தங்கத்துக்கு அரசாங்கமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இல்லாத ஒன்றின்மேல் வரி போடும் அரசு, அது என்ன என்று கேட்காமல் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கேட்டால் வரி குறையும்.

தங்கத்தில் எதையுமே வரையறுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே செயினின் கொக்கிக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், லேசரால் பொறித்த மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: பிஐஎஸ் என்னும் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முக்கோணம், 22கே916, எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட ஹெச்யுஐடி என்னும் அடையாள எண். அந்த 916 என்பது என்ன? உலோகக் கலவையின் எடையில் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். இருபத்துநான்கில் இருபத்திரண்டு பங்கு என்பதுதான் அது. தசமத்தை வெட்டி எழுதியிருக்கிறார்கள், வெட்டினோம் என்று எல்லோருக்கும் தெரியும்படி. யாருக்காவது சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது. நகையிலிருந்து ஒரு துளி சுரண்டி, எடை போட்டு, வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி, ஆயிரம் டிகிரியைத் தாண்டும் உலையில் வைத்தால் ஈயமும் மட்ட உலோகமும் போய்விடும். மிஞ்சிய மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துவிடும். எஞ்சியது தங்கம். அதைத் திரும்ப எடை போட்டால் கணக்கு முடிந்தது. ஐஎஸ் 1417 என்ன தரம், என்ன முத்திரை என்று சொல்கிறது. ஐஎஸ் 1418 எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறது. சென்னையில் செய்தாலும் சூரத்தில் செய்தாலும் ஒரே விடை வரவேண்டும்.

வரையறை என்றால் இதுதான். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதன் வரையறையை வைத்தால் வாக்கியம் உடையாமல் நிற்க வேண்டும். கலைச்சொல் வேலைக்கென்றே உள்ள ஐஎஸ்ஓ 704 என்ற பன்னாட்டுத் தரநிலை இந்தச் சோதனையைத்தான் சொல்கிறது. '916 செயின்' என்பதை எடுத்துவிட்டு 'எடையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் உள்ள செயின்' என்று வையுங்கள். பில் அப்படியே நிற்கும். 'சேதாரம் 18%' என்ற வரியில் சேதாரத்தை எடுத்துவிட்டு எதை வைப்பீர்கள்? 'பட்டறையில் தொலைந்த தங்கம்' என்று வைத்தால் அது பொய். 'கடை வாடகையும் ஏசி பில்லும் நடிகைக்குக் கொடுத்த விளம்பரச் சம்பளமும்' என்று வைத்தால் அது உண்மை, ஆனால் அதை எழுத எந்த முதலாளிக்கும் கை வராது. 'உங்களைப் பார்த்தால் எவ்வளவு தாங்குவீர்கள் என்று எங்களுக்குத் தோன்றியதோ அது' என்று வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும்.

வரையறை இருக்கும் இடத்தில் திருடனைப் பிடிக்கலாம் என்பதற்கு 916தான் சாட்சி. முத்திரையில் 916 என்று போட்டுவிட்டு உள்ளே குறைவாக வைத்திருந்தால், பிஐஎஸ் விதிகள் 2018இன் 49ஆம் விதிப்படி, குறைந்த தரத்துக்கான தொகையில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும். முத்திரைக்கு ஒரு நகைக்கு 45 ரூபாய் கட்டணம் என்பதும், அதைப் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் விதி. யோசித்துப் பாருங்கள்: நாற்பத்தைந்து ரூபாய்க்குத் தனி வரி வேண்டுமாம், எழுபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சொல் போதுமாம்.

இந்த 916கூட யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. 2000இல் முத்திரைத் திட்டம் வந்தது, விரும்பினால் போடலாம் என்று. கட்டாயமாக்க இருபத்தோரு வருடம் ஆயிற்று. 2021 ஜூன் 16இல்தான், அதுவும் முதலில் 256 மாவட்டங்களில். ஆறு எழுத்து ஹெச்யுஐடி வேண்டும் என்றதும் அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று நாடெங்கும் நகைக்கடைக்காரர்கள் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் செய்தார்கள். நகைக்கு நகை அடையாளம் வேண்டும் என்றதற்கே ஷட்டரை இறக்கியவர்களிடம் போய், சேதாரத்துக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று கேட்டால் என்ன ஆகும்?

அரசுக்கு வரையறுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தனக்கு வேண்டும்போது நன்றாகவே தெரியும். 1963இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று ஒரே எண்ணில் கோடு போட்டார்கள். பொற்கொல்லர்களின் பிழைப்பு போனது, தற்கொலைகள் நடந்தன. பிறகு 1968இல் தனிச் சட்டம், 1990இல் அதுவும் ரத்து. பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஏழை ஆசாரியைப் பிடிக்க வேண்டுமென்றால் காரட் வரை வரையறை இருக்கும். ஏழு மாடி முதலாளியிடம் வந்தால் 'அது வியாபாரத்தின் வழக்கம்' என்பார்கள்.

வழக்கம் என்று சொல்கிறவர்களிடம் நான் தஞ்சாவூருக்குப் போகச் சொல்வேன். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கணக்கு சுவரில் வெட்டிவைத்திருக்கிறது. ஆயிரம் வருடம் ஆகிறது. பொன்னை எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்று பெயரோடு இருக்கிறது: ஆடவல்லான் என்னும் கல். மணி பதித்த நகைகளுக்கு வேறு கல், தட்சிணமேரு விடங்கன். கோத்த சரடும் சட்டமும் நீக்கி நிறுத்தால் நீக்கி என்று எழுதியிருக்கிறது. அரக்கு உட்பட நிறுத்தால் உட்பட என்று எழுதியிருக்கிறது. பொன்னின் மாற்று, தண்டவாணி என்னும் தரத்துக்கு எவ்வளவு தாழ்ந்தது என்று எழுதியிருக்கிறது. முத்து என்று பொதுவாகச் சொல்லி விடவில்லை; வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி என்று வகை பிரித்து, இத்தனை முத்து, நிறை இத்தனை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று போகிறது. யாரிடம்? சக்கரவர்த்தி தன் தெய்வத்துக்குக் கொடுக்கிறான். கேள்வி கேட்க யாரும் இல்லை. இருந்தும் அரக்கையும் பொன்னையும் கலந்து எழுதக்கூடாது என்று அந்தக் கணக்கர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நாமோ காசு கொடுத்து, வரி கொடுத்து, வண்டி நிறுத்த இடம் இல்லாமல் பனகல் பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, 'எஸ்டிமேட்' என்ற துண்டுச் சீட்டில் ஒரு சதவீதத்தை வாங்கிக்கொண்டு போகிறோம்.

உலகம் இதே வேலையை எவ்வளவு பயபக்தியோடு செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாரிஸுக்கு அருகே செவ்ரில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளையைப் பூட்டி வைத்திருந்தார்கள். 1889 முதல் அதுதான் கிலோகிராம். உலகத்தில் எந்தத் தராசும் கடைசியில் அதற்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நூறு வருடத்தில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் தெரிந்தது. விஞ்ஞானிகளுக்குத் தூக்கம் போயிற்று. பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் பல வருடம் உழைத்து, உருளையே வேண்டாம், பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோகிராமை வரையறுப்போம் என்று 2018 நவம்பரில் வெர்சாயில் கூடி ஓட்டுப் போட்டார்கள். 2019 மே 20 முதல் அதுதான் நடைமுறை. 50 மைக்ரோகிராமுக்கு இத்தனை அமளி. எங்கள் செயினில் முதலில் சொன்ன 7.2 கிராம் அதைப்போல் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் மடங்கு. அதற்கு ஒரு மேனேஜர் போதும்.

இன்னொரு வேடிக்கை நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது. அதே செயினைப் பத்து வருடம் கழித்து எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனால், நீங்கள் விலை கொடுத்த சேதாரத்தை யாரும் எடை போடமாட்டார்கள். அது போனது போனதுதான். அது சரி என்றே வைத்துக்கொள்வோம். பல கடைகளில் 'உருக்கும்போது சேதாரம் வரும்' என்று இன்னொரு சதவீதத்தைக் கழிப்பார்கள். வாங்கும்போது சேதாரம் எடையோடு கூடும். விற்கும்போது அதே சேதாரம் எடையிலிருந்து குறையும். கூட்டல் குறி, கழித்தல் குறி இரண்டையும் இடத்துக்குத் தக்கபடி மாட்டிக்கொள்ளும் ஒரே அளவு இது, இரண்டு தடவையும் பணம் போகும் திசை மட்டும் மாறாது. பிறகு பழையதுக்குப் பதில் எடுக்கும் புதிய நகைக்கு மறுபடி 18. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்கவைத்தல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒற்றைச் சொல்லில் இந்த நான்கையும் சாதித்த பெருமை உஸ்மான் சாலைக்குத்தான்.

மயக்கம் தெளிந்துவிடக்கூடாது என்பதற்காகப் பெயரையும் மாற்றுகிறார்கள். இப்போது பல பில்களில் சேதாரம் என்ற சொல்லே இல்லை, 'வி.ஏ.' என்று இருக்கிறது. வேல்யூ அடிஷன். செய்கூலியையும் சேதாரத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, மதிப்புக் கூட்டல் என்று பரிமாறுகிறார்கள். நேற்றுவரை இழப்பு, இன்று மதிப்பு. சதவீதம் அதே. 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று டிவியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த விளம்பரமும் இந்த ஊரில்தான். இல்லை என்று சொல்வதற்காவது எது இல்லை என்று தெரிய வேண்டாமா? சீட்டுக் கட்டினால் '18 சதவீதம் வரை சேதாரம் இலவசம்'. பதினோரு மாதம் முன்பணம் வாங்கிக்கொண்டு, நடக்காத இழப்பை நமக்கு இலவசமாகத் தருகிறார்கள். கர்ணன்கூட இப்படிக் கொடுத்ததில்லை.

இந்த நோய் தங்கத்தோடு நிற்கவில்லை. அதே கடையின் அடுத்த தளத்தில் 'ஆன்டிக் கலெக்‌ஷன்'. சேதாரம் இன்னும் அதிகம். போன மாதம் செய்து, புகை நிறத்தில் பாலிஷ் போட்ட அட்டிகை அது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் என்றால் குறைந்தது நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். பாண்டி பஜார் பக்கம் வந்தால் முப்பது நாள் போதும். பக்கத்துப் பட்டுக் கடையில் 'கைத்தறி' என்கிறார்கள். கைத்தறி என்றால் என்ன என்று 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் திறந்தால், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்று இருக்கிறது. ஒன்று எது இல்லையோ அதைச் சொல்லி அது எது என்று காட்டுகிற இந்த மாதிரி எதிர்மறை வரையறையை முதல் வருட மாணவனுக்கே கூடாது என்கிறோம். ஆனாலும் சட்டமாவது முயன்றிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். சேதாரத்துக்கு அதுகூட இல்லை.

உண்மையில் தங்கம் எவ்வளவு போகும் என்று எவருக்கும் தெரியாதா? பட்டறைக்காரருக்குத் தெரியும். அவரைவிட அவர் வாசலுக்கு நன்றாகத் தெரியும். அரத்தில் தேய்த்த பொடியை முறத்தில் தட்டிச் சேர்ப்பார்கள். கை கழுவின தண்ணீரைக் கொட்டமாட்டார்கள். உட்கார்ந்திருந்த பாயும் துடைத்த துணியும் ஒருநாள் உலைக்குப் போகும், சாம்பலிலிருந்து தங்கம் எடுக்க. அத்தனைக்கும் தப்பி வாசல் சாக்கடைக்குப் போன துகளையும், மண்ணை அள்ளி அலசி எடுத்துப் பிழைக்கும் மனிதர்கள் பொற்கொல்லர் தெருக்களில் இருக்கிறார்கள். குனிந்து குனிந்து முதுகு போன அவர்கள் ஒருநாள் முழுக்க அலசி எடுப்பதுதான் நிஜமான சேதாரம். கையால் செய்த காசுமாலைக்கு வேலை அதிகம், தேய்மானமும் கொஞ்சம் அதிகம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். மெஷினில் ஓடி மீட்டர் கணக்கில் விழும் செயினுக்கும் அதே சதவீதக் கணக்கு எதற்கு? தங்கம் விலை ஏறும்போதெல்லாம் சதவீதத்தின் தயவில் சேதாரத் தொகையும் தானாக ஏறுகிறது. ஆசாரியின் கூலி அப்படி ஏறியதாக எந்த ஆசாரியும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் அறிவாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வேட்டில் 'இக்கட்டுரையில் இச்சொல் இப்பொருளில் ஆளப்படுகிறது' என்று ஒரு பக்கம் எழுதாமல் இரண்டாம் இயலுக்குப் போகாத பேராசிரியர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர். அட்சய திருதியை அன்று காலை ஆறு மணிக்கு அவர்களும் இங்கே வரிசையில் நிற்கிறார்கள். டோக்கன் நம்பரைப் பார்க்கிறார்கள். பில்லைப் படிப்பதில்லை.

ஆகவே அவர்கள் செய்யாததை நானே செய்துவிட்டேன். தரநிலைகள் எழுதும் பாணியில் ஒரு வரைவு. 'சேதாரம்: ஒரு நகையைச் செய்ய எடுத்துக்கொண்ட தங்கத்தின் எடையிலிருந்து, முடிந்த நகையில் உள்ள தங்கத்தின் எடையையும், செய்யும்போது விழுந்த துண்டு, பொடி, தூசி ஆகியவற்றிலிருந்து மீட்ட தங்கத்தின் எடையையும் கழித்தபின் எஞ்சும் எடை. எல்லா எடைகளும் ஒரே மாற்றுக்குச் சமமாக்கிக் கணக்கிடப்பட வேண்டும். கிராமில், மூன்று தசமம் வரை, நகைக்கு நகை தனியாகக் குறிக்கப்பட வேண்டும். குறிப்பு: இந்த அளவு வாடிக்கையாளரின் முகம், மாதம், மேனேஜரின் மனநிலை ஆகியவற்றால் மாறாது.' கூலி வேண்டுமென்றால் கூலி என்று ரூபாயில் எழுதட்டும். லாபம் வேண்டுமென்றால் லாபம் என்று எழுதட்டும். வியாபாரி லாபம் வைப்பதை யாரும் குற்றம் சொல்லவில்லை. அதைத் தொலைந்துபோன தங்கம் என்று சொல்லி வாங்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வரைவை எந்த நகைக்கடைக்காரர் சங்கமும் ஏற்காது என்று எனக்குத் தெரியும். நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள், தொழில் நுணுக்கம் தெரியாதவன் எழுதியது என்பார்கள், சேதாரத்தின் பொருளையே திரித்துவிட்டான் என்பார்கள். தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் எழுத்தில் சொல்லட்டும். நான் திரித்துவிட்டேன் என்று காட்டுவதற்காவது, சேதாரம் என்றால் என்ன என்று அவர்கள் ஒரு வரி எழுதியாக வேண்டும் அல்லவா?